உள்ளே இருப்பதே கணக்கு

மூடிய பரப்பின் வழியே செல்லும் நிகர மின்பாயம் சுழியம் என்றால், அங்கே மின்புலமே இல்லையா? 'ஆம்' என்று எழுதிப் புள்ளிகளை இழக்கும் மாணவர் பலர்.

ஓடும் ஆற்றில் ஒரு மூங்கில் கூடையை மூழ்கவிட்டால், ஒரு பக்கம் நுழையும் நீர் மறுபக்கம் வெளியேறுகிறது. வரவும் செலவும் சமம். ஆனால், கூடைக்குள் நீர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பரப்புக்கு வெளியே உள்ள மின்னூட்டத்தின் செயலும் இத்தகையதே.

கூடைக்குள்ளேயே ஊற்று இருந்தால், வெளியேறும் நீர் மிகும். காஸ் விதியும் இதையே சொல்கிறது. நிகர மின்பாயத்தை முடிவு செய்வது உள்ளே அடங்கிய மொத்த மின்னூட்டம் மட்டுமே. அதைச் சூழ்ந்திருப்பது கோளமானாலும் கனசதுரமானாலும் விடை ஒன்றே. கனசதுரத்தின் நடுவில் மின்னூட்டம் இருந்தால், ஒவ்வொரு முகத்திற்கும் 6-இல் ஒரு பங்கு.

ஆகவே, வடிவத்தைக் கண்டு மலைக்காமல், உள்ளே இருப்பதை முதலில் எண்ண வேண்டும்.