கிறிஸ்துமஸ் ‘நம்பர் ஒன்’ பாடல்: பிரிட்டனில் பாட்டுப் போட்டி வெற்றியாளர்களின் ஆதிக்கம் உருவானதும் முடிவுக்கு வந்ததும் எப்படி?

பிரிட்டனில் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் மாதத்தில் ஒரு கேள்வி பரவலாக எழுகிறது. கிறிஸ்துமஸ் வாரத்தில் அந்நாட்டின் பாடல் தரவரிசைப் பட்டியலில் எந்தப் பாடல் முதலிடம் பிடிக்கும் என்பதே அது. நாளிதழ்கள் இதனை முக்கியச் செய்தியாக வெளியிடுகின்றன. பந்தய நிறுவனங்கள் பல வாரங்களுக்கு முன்பே பணம் பெறத் தொடங்கிவிடுகின்றன.

2005 முதல் 2014 வரையிலான பத்து ஆண்டுகளில் ஏழு முறை இந்த முதலிடத்தை ‘எக்ஸ் ஃபேக்டர்’ என்ற ஒரே தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியின் வெற்றியாளர்களே பெற்றனர். 2014-க்குப் பிறகு அந்தப் போட்டியின் வெற்றியாளர் ஒருவர்கூட கிறிஸ்துமஸ் முதலிடத்தைப் பிடிக்கவில்லை. இந்த மாற்றத்துக்கு ரசிகர்களின் எதிர்ப்பு, தொண்டு நோக்கிலான பாடல்கள், பாடல்களைக் கணக்கிடும் விதிகள் ஆகிய மூன்றும் காரணமாக அமைந்தன.

கிறிஸ்துமஸ் ‘நம்பர் ஒன்’ என்றால் என்ன?

பிரிட்டனில் ‘சிங்கிள்’ எனப்படும் தனிப்பாடல்களுக்கான தரவரிசைப் பட்டியல் 1952 நவம்பரில் ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ இதழில் முதன்முதலாக வெளியானது. சுமார் 20 இசைத்தட்டுக் கடைகளைத் தொலைபேசியில் தொடர்பு கொண்டு, அதிகம் விற்ற பாடல்களைக் கேட்டறிந்து அந்தப் பட்டியல் தயாரிக்கப்பட்டது. அதில் முதலிடம் பெற்ற அமெரிக்கப் பாடகர் அல் மார்ட்டினோவின் ‘ஹியர் இன் மை ஹார்ட்’ ஒன்பது வாரங்கள் அந்த இடத்தில் நீடித்ததால், முதல் கிறிஸ்துமஸ் ‘நம்பர் ஒன்’ பாடலும் அதுவே ஆனது.

கிறிஸ்துமஸை ஒட்டிய வாரத்தின் பட்டியலில் முதலிடம் பெறும் பாடலுக்கே இந்தப் பெருமை வழங்கப்படுகிறது. அந்தப் பாடல் கிறிஸ்துமஸ் பண்டிகையைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1960-களில் ‘பீட்டில்ஸ்’ குழு நான்கு முறை இந்த இடத்தைப் பிடித்தது. 1973-ஆம் ஆண்டில் ‘ஸ்லேட்’, ‘விசார்ட்’ ஆகிய இரு குழுக்கள் கிறிஸ்துமஸ் பாடல்களுடன் மோதின, ‘ஸ்லேட்’ வென்றது. இந்தப் போட்டி ஆண்டுதோறும் கவனிக்கப்படும் நிகழ்வாக மாறியது அதன் பிறகுதான்.

பண்டிகைக்குப் பரிசளிக்க இசைத்தட்டுகள் வாங்கும் வழக்கம் இருந்ததால், ஆண்டின் பிற மாதங்களைவிட டிசம்பரில் விற்பனை மிக அதிகமாக இருந்தது. எனவே இசை நிறுவனங்களுக்கு இந்த முதலிடம் கௌரவத்தையும் கணிசமான வருவாயையும் தந்தது.

தொலைக்காட்சிப் போட்டிகள் நுழைந்தது எப்போது?

2001-ஆம் ஆண்டில் ஐடிவி தொலைக்காட்சி ‘பாப்ஸ்டார்ஸ்’ என்ற நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. புதிய இசைக்குழுவுக்கான உறுப்பினர்களைத் தேர்வு செய்வதே அதன் நோக்கம். அதில் உருவான ‘ஹியர்சே’ குழுவின் முதல் பாடல் முதல் வாரத்திலேயே ஐந்து லட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் விற்றது. 2002 தொடக்கத்தில் ‘பாப் ஐடல்’ போட்டியில் வென்ற வில் யங்கின் பாடல் ஒரே வாரத்தில் 11 லட்சம் பிரதிகள் விற்றது.

இந்த விற்பனை ஆற்றலைக் கிறிஸ்துமஸ் வாரத்துடன் இணைத்த நிகழ்ச்சி, அதே ஆண்டின் இறுதியில் ஒளிபரப்பான ‘பாப்ஸ்டார்ஸ்: தி ரைவல்ஸ்’. அதில் ஐந்து பெண்கள் கொண்ட குழுவும், ஐந்து ஆண்கள் கொண்ட குழுவும் தேர்வு செய்யப்பட்டன. இரு குழுக்களும் ஒரே நாளில் பாடல் வெளியிட்டுக் கிறிஸ்துமஸ் முதலிடத்துக்காக மோதின. ‘கேர்ள்ஸ் அலவுட்’ என்ற பெண்கள் குழு வென்றது.

2004-ஆம் ஆண்டில் சைமன் கோவெல் உருவாக்கிய ‘எக்ஸ் ஃபேக்டர்’ தொடங்கியது. முதல் வெற்றியாளர் ஸ்டீவ் புரூக்ஸ்டைனின் பாடல், சூடானின் டார்ஃபூர் பகுதி மக்களுக்காக நிதி திரட்டிய ‘பேண்ட் எய்ட் 20’ பாடலால் கிறிஸ்துமஸ் முதலிடத்தை இழந்தது. அடுத்த ஆண்டிலிருந்து நிலைமை மாறியது. ஷேன் வார்டு (2005), லியோனா லூயிஸ் (2006), லியோன் ஜாக்சன் (2007), அலெக்சாண்ட்ரா பர்க் (2008) ஆகியோர் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் முதலிடம் பிடித்தனர். ஷேன் வார்டின் பாடல் முதல் வாரத்தில் சுமார் 7.4 லட்சம் பிரதிகளும், லியோனா லூயிஸின் பாடல் சுமார் 5.7 லட்சம் பிரதிகளும் விற்றன.

வெற்றிக்குப் பின்னால் இருந்த ஏற்பாடு

இந்த வெற்றிகளுக்கு நேரத் திட்டமிடலே அடிப்படை. போட்டியின் இறுதிச்சுற்று டிசம்பர் நடுவில் நடத்தப்பட்டது. இறுதிப் போட்டியாளர்கள் அனைவரையும் கொண்டு வெற்றிப் பாடல் முன்கூட்டியே தனித்தனியாகப் பதிவு செய்யப்பட்டது. வெற்றியாளர் அறிவிக்கப்பட்டவுடன் அவரது பதிவு மட்டும் விற்பனைக்கு வந்தது. பல மாதங்களாக வாக்களித்து வந்த பார்வையாளர்கள், அடுத்த சில நாள்களில் பாடலை வாங்குபவர்களாக மாறினர்.

அந்தக் காலத்தில் தரவரிசைக்கான வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கி சனிக்கிழமை முடிந்தது. வார இறுதியில் நடந்த இறுதிச்சுற்றுக்குப் பின் எழுந்த விற்பனை முழுவதும் ஒரே வாரக் கணக்கில் சேர்வதற்கு இது உதவியது. 2010-ஆம் ஆண்டின் இறுதிச்சுற்றைச் சராசரியாக 1.7 கோடி பேர் பார்த்தனர் என்பது அந்நிகழ்ச்சியின் வீச்சை உணர்த்துகிறது.

அதே நேரத்தில், போட்டியாளர்களே இல்லாத இந்த வெற்றி, கிறிஸ்துமஸ் பந்தயத்தின் சுவாரசியத்தையே அழித்துவிட்டதாக விமர்சனம் எழுந்தது. 2008-இல் லியோனார்ட் கோஹனின் ‘ஹல்லேலூயா’ பாடலை அலெக்சாண்ட்ரா பர்க் பாடி முதலிடம் பிடித்தபோது, மறைந்த பாடகர் ஜெஃப் பக்லியின் பதிவை வாங்குமாறு இணையத்தில் பிரசாரம் நடந்தது. அந்தப் பதிவு இரண்டாம் இடத்தைப் பெற்றது. கோஹனின் மூலப் பதிவும் முதல் 40 இடங்களுக்குள் நுழைந்தது.

2009: ரசிகர்களின் எதிர்ப்பு

அடுத்த ஆண்டில் எசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த ஜான் மார்ட்டர், டிரேசி மார்ட்டர் தம்பதியர் ஃபேஸ்புக்கில் ஒரு பிரசாரத்தைத் தொடங்கினர். ‘ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின்’ என்ற அமெரிக்க ராக் குழு 1992-இல் வெளியிட்ட ‘கில்லிங் இன் தி நேம்’ பாடலைக் கிறிஸ்துமஸ் வாரத்தில் அனைவரும் பதிவிறக்கம் செய்ய வேண்டும் என்பதே கோரிக்கை. நிறவெறியையும் அதிகார ஒடுக்குமுறையையும் சாடும் அந்தப் பாடலுக்கும் பண்டிகைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இந்த முயற்சிக்கு வழி திறந்தது ஒரு விதி மாற்றம். கடைகளில் இசைத்தட்டாக விற்பனையில் இல்லாத பாடலும், பதிவிறக்கங்களை மட்டும் கொண்டு பட்டியலில் இடம்பெறலாம் என 2007 தொடக்கத்தில் விதி தளர்த்தப்பட்டிருந்தது. அதனால் 17 ஆண்டுகள் பழைமையான பாடலும் எந்த வெளியீடும் இன்றிப் போட்டியிட முடிந்தது.

சைமன் கோவெல் இந்தப் பிரசாரத்தை வெளிப்படையாகச் சாடினார். முடிவில் ‘கில்லிங் இன் தி நேம்’ சுமார் 5.02 லட்சம் பதிவிறக்கங்களுடன் முதலிடம் பிடித்தது. ‘எக்ஸ் ஃபேக்டர்’ வெற்றியாளர் ஜோ மெக்எல்டெர்ரியின் ‘தி கிளைம்ப்’ சுமார் 4.5 லட்சம் பிரதிகளுடன் இரண்டாம் இடம் பெற்று, அடுத்த வாரத்தில் முதலிடத்துக்கு வந்தது. பதிவிறக்கம் மூலம் மட்டுமே கிறிஸ்துமஸ் முதலிடம் பெற்ற முதல் பாடல் ‘கில்லிங் இன் தி நேம்’தான். பிரசாரத்தின்போது வீடற்றோருக்கு உதவும் ‘ஷெல்டர்’ அமைப்புக்கு நிதி திரட்டப்பட்டது. வாக்களித்தபடி அந்தக் குழு 2010 ஜூன் மாதத்தில் லண்டன் ஃபின்ஸ்பரி பூங்காவில் இலவச இசை நிகழ்ச்சி நடத்தியது.

ஆனால், மோதிய இரு பாடல்களையும் வெளியிட்டவை சோனி மியூசிக் குழுமத்தின் கீழ் இருந்த நிறுவனங்களே. எந்தப் பாடல் வென்றிருந்தாலும் வருவாய் அக்குழுமத்துக்கே சென்றிருக்கும்.

எல்லா எதிர்ப்புப் பிரசாரங்களும் வெற்றி பெறவில்லை. 2010-இல், இசைக்கருவி எதுவும் ஒலிக்காத ஜான் கேஜின் ‘4 நிமிடம் 33 விநாடி’ படைப்பை முன்னிறுத்தி நடந்த பிரசாரம் 21-ஆம் இடத்துடன் நின்றது. அந்த ஆண்டு ‘எக்ஸ் ஃபேக்டர்’ வெற்றியாளர் மேட் கார்டில் முதலிடம் பிடித்தார்.

தொண்டு பாடல்களின் எழுச்சி

2011-இல் வேறு வகையான போட்டி உருவானது. ஆப்கானிஸ்தானில் பணியாற்றிய பிரிட்டன் ராணுவ வீரர்களின் மனைவியரும் துணைவியரும் இணைந்த ‘மிலிட்டரி வைவ்ஸ்’ பாடகர் குழு, கணவர்களுடன் பரிமாறிக்கொண்ட கடிதங்களின் வரிகளிலிருந்து உருவான பாடலை ராணுவ நல நிதிக்காக வெளியிட்டது. அந்த ஆண்டு ‘எக்ஸ் ஃபேக்டர்’ வெற்றிப் பாடல் வழக்கத்தைவிட ஒரு வாரம் முன்னதாக வெளியானது. கிறிஸ்துமஸ் வாரத்தில் ‘மிலிட்டரி வைவ்ஸ்’ ஐந்து லட்சத்துக்கும் அதிகமான பிரதிகளுடன் முதலிடம் பிடித்தது.

2012-இல் ‘ஜஸ்டிஸ் கலெக்டிவ்’ என்ற பெயரில் இணைந்த கலைஞர்களின் பாடல் வென்றது. 1989-இல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் நெரிசலில் உயிரிழந்த லிவர்பூல் ரசிகர்களின் குடும்பங்களது சட்டப் போராட்டத்துக்காக அந்தப் பாடல் வெளியிடப்பட்டது. 2015-இல் லண்டனின் லூயிஷம், கிரீனிச் பகுதி அரசு மருத்துவமனை ஊழியர்களின் பாடகர் குழு முதலிடம் பிடித்தது. அப்போது பட்டியலில் முன்னிலையில் இருந்த ஜஸ்டின் பீபரே, தனது பாடலுக்குப் பதிலாக ஊழியர்களின் பாடலை வாங்குமாறு ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார்.

விதிகள் மாறியதால் ஏற்பட்ட விளைவு

2013-இல் சாம் பெய்லியும், 2014-இல் பென் ஹேனோவும் ‘எக்ஸ் ஃபேக்டர்’ சார்பில் முதலிடம் பெற்றனர். ஆயினும் சாம் பெய்லியின் முதல் வார விற்பனை சுமார் 1.5 லட்சம் மட்டுமே. ஷேன் வார்டின் விற்பனையில் இது ஐந்தில் ஒரு பங்கு.

2014 ஜூலை முதல் ‘ஸ்ட்ரீமிங்’ முறையில் கேட்கப்படும் பாடல்களும் கணக்கில் சேர்க்கப்பட்டன. தொடக்கத்தில் 100 முறை கேட்பது ஒரு விற்பனைக்குச் சமமாகக் கொள்ளப்பட்டது. 2018 முதல் கட்டணச் சேவையில் 100 முறையும், கட்டணமில்லாச் சேவையில் 600 முறையும் ஒரு விற்பனைக்குச் சமம் என வகுக்கப்பட்டது. முன்பு ரசிகர் ஒருவர் ஒரு முறை பணம் செலுத்தி வாங்கினாலே ஒரு விற்பனை பதிவானது. புதிய முறையில் பாடல் திரும்பத் திரும்பக் கேட்கப்பட வேண்டும். இறுதிச்சுற்றின் உணர்ச்சி வேகத்தில் வாங்கப்பட்டு விரைவில் மறக்கப்படும் பாடல்களுக்கு இது பாதகமானது.

2015 ஜூலையில் தரவரிசை வாரமும் வெள்ளிக்கிழமை தொடங்கி வியாழக்கிழமை முடிவதாக மாற்றப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை வெளியாகும் வெற்றிப் பாடலின் முதல் நாள்களின் விற்பனை இரு வாரங்களாகப் பிரிந்தது. அந்த ஆண்டின் வெற்றியாளர் லூயிசா ஜான்சனின் பாடல் ஒன்பதாம் இடத்தைத் தாண்டவில்லை. நிகழ்ச்சியின் பார்வையாளர் எண்ணிக்கையும் குறைந்தது. 2018-க்குப் பிறகு வழக்கமான ‘எக்ஸ் ஃபேக்டர்’ தொடர் ஒளிபரப்பாகவில்லை.

இப்போது வெல்வது யார்?

2018 முதல் 2022 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ‘லேட்பேபி’ என்ற பெயரில் யூடியூபில் அறியப்பட்ட மார்க் ஹாயில், ராக்சேன் ஹாயில் தம்பதியர் முதலிடம் பிடித்து பீட்டில்ஸின் நான்கு முறை சாதனையை முறியடித்தனர். அவர்களது நகைச்சுவைப் பாடல்களின் வருவாய் உணவு வங்கிகளை நடத்தும் அமைப்புக்கு வழங்கப்பட்டது. தொண்டுக்காகப் பணம் கொடுத்துச் செய்யப்படும் ஒரு பதிவிறக்கம் நூறு முறை கேட்பதற்கு ஈடானதால், ஒருங்கிணைந்த பிரசாரத்துக்கு இன்னும் வலிமை இருப்பதை இது காட்டியது.

ஸ்ட்ரீமிங் முறையால் அதிகப் பயன் பெற்றவை பழைய கிறிஸ்துமஸ் பாடல்கள். 1984-இல் ‘பேண்ட் எய்ட்’ பாடலால் இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்ட ‘வாம்’ குழுவின் ‘லாஸ்ட் கிறிஸ்துமஸ்’, 39 ஆண்டுகளுக்குப் பின் 2023-இல் கிறிஸ்துமஸ் முதலிடத்தைப் பெற்றது. 2024-இலும் அதே பாடல் வென்றது. அதனை எழுதிப் பாடிய ஜார்ஜ் மைக்கேல் 2016-இல் கிறிஸ்துமஸ் நாளன்று காலமானார்.

வெற்றியாளர்களின் நிலை

கிறிஸ்துமஸ் முதலிடம் நீண்ட இசை வாழ்க்கைக்கு உத்தரவாதம் அளிக்கவில்லை. லியோனா லூயிஸ் 2008-இல் ‘பிளீடிங் லவ்’ பாடல் மூலம் அமெரிக்கப் பட்டியலிலும் முதலிடம் பெற்றார். ‘கேர்ள்ஸ் அலவுட்’ குழுவின் 20 பாடல்கள் தொடர்ந்து முதல் பத்து இடங்களுக்குள் வந்தன. மாறாக, லியோன் ஜாக்சன், ஜோ மெக்எல்டெர்ரி ஆகியோருக்கு இசை நிறுவனத்துடனான ஒப்பந்தம் சில ஆண்டுகளிலேயே முடிவுக்கு வந்தது. 2010 போட்டியில் மூன்றாம் இடம் பெற்ற ‘ஒன் டைரக்‌ஷன்’ குழுவே உலகப் புகழை அடைந்தது. அக்குழு ஒருமுறைகூடக் கிறிஸ்துமஸ் முதலிடம் பெறவில்லை.

‘பாப் ஐடல்’ நிகழ்ச்சியின் வடிவத்தைத் தழுவி இந்தியாவில் 2004-இல் ‘இந்தியன் ஐடல்’ தொடங்கியது. ஆனால் வெற்றியாளரின் தனிப்பாடலை ஒரு பண்டிகை வாரத்தின் தரவரிசையுடன் பிணைக்கும் வழக்கம் இங்கு உருவாகவில்லை. திரைப்படப் பின்னணி இசையில் கிடைக்கும் வாய்ப்பே இந்தியப் போட்டியாளர்களின் அடுத்த படியாக இருந்து வருகிறது.

பிரிட்டனில் சுமார் பத்து ஆண்டுகள் டிசம்பர் நடுவில் ஒரு தொலைக்காட்சி அரங்கில் முடிவான கிறிஸ்துமஸ் முதலிடம், இப்போது வீடுகளிலும் கடைகளிலும் மீண்டும் மீண்டும் ஒலிக்கும் பாடல்களாலும், பணம் கொடுத்துப் பதிவிறக்கம் செய்யும் ஆதரவாளர்களின் எண்ணிக்கையாலும் தீர்மானிக்கப்படுகிறது.