கட்டங்களுக்குள் தேடிய ரகசியம்

குறுக்கெழுத்துப் புதிரை நிரப்பி முடித்த பின்னும், அதனுள்ளே வேறொரு விடை ஒளிந்திருக்கிறதென்று துருவத் தொடங்கிவிட்டால், தற்செயலாய் விழுந்த சொல்லும் சங்கேதமாகவே தோன்றும். 1944 மே மாதத்தில் லண்டன் ‘டெய்லி டெலிகிராப்’ புதிர்களில் யூட்டா, ஒமாஹா, ஓவர்லார்ட், மல்பெரி என்பனவும், ஜூன் முதல் தேதி நெப்டியூனும் விடைகளாக வந்தபோது, அவை யாவும் நார்மண்டிப் படையெடுப்பின் பரம ரகசியப் பெயர்களாயிருந்தமையால், பிரிட்டிஷ் உளவுத்துறையினர் கலங்கிப்போய், புதிரமைத்த தலைமையாசிரியர் லியனார்ட் டா என்பவரைத் தேடிச் சென்று விசாரித்தார்கள். ‘மல்பெரி’க்கு அவர் தந்திருந்த குறிப்போ, குழந்தைகள் சுற்றிவந்து பாடும் செடியைப் பற்றியது! அவர் ஒற்றரல்லர் என்று தெளிந்து திரும்பினார்கள். கட்டங்களைச் சொற்களால் நிரப்பும் வேலையை அவர் மாணவர்களிடம் விடுவதுண்டென்றும், அருகே முகாமிட்டிருந்த சிப்பாய்கள் பேசக் கேட்ட பெயர்களைத் தாமே எழுதியதாகவும் முன்னாள் மாணவரொருவர் 1984-இல் சொன்னார். எனக்கு இதுவே நம்பத்தக்க விளக்கமாகப் படுகிறது.