கிளென்மார்கன் வரை வருமா தேசியக் கால்பந்துப் பாணி?

ஊட்டியிலிருந்து சுமார் 17 கிலோமீட்டரில் கிளென்மார்கன். தேயிலைத் தோட்டம், மின்வாரியக் குடியிருப்பு, பைக்காரா தண்ணீரைச் சிங்காரா மின்நிலையத்துக்கு இறக்கிவிடும் நீர்த்தேக்கம், ஊழியர்கள் ஏறி இறங்கும் விஞ்ச். சுற்றுலா வருகிறவர்களுக்கு இது மலைவிளிம்பில் நின்று முதுமலைக் காட்டைப் பார்க்கும் இடம். கால்பந்து விளையாட நினைக்கிறவனுக்கோ முதல் கவலை சமதரை. நூறு மீட்டர் நீளத்துக்கு மட்டமான இடம் வேண்டுமென்றால் சரிவை வெட்டித்தான் எடுக்க வேண்டும். அப்படி எடுத்த இடத்திலும் ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை வந்து உட்கார்ந்துகொள்ளும். குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை; நீலகிரியின் மேற்கு ஓரத்துக்கு அது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. பள்ளி திறந்து, குறுவட்டப் போட்டிக்கு அணி சேர்க்கிற காலமும் அதுதான்.

அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2023 ஜனவரியில் ‘விஷன் 2047’ என்ற நீண்டகாலத் திட்டத்தை வெளியிட்டது. சுதந்திர நூற்றாண்டில் ஆசியாவின் முன்னணிக் கால்பந்து நாடுகளில் ஒன்றாக இந்தியா இருக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. அதன் முதல் கட்டத்தில் 2026-க்குள் 50,000 பயிற்சியாளர்கள் களத்தில் இருக்க வேண்டும், அவர்களில் 4,500 பேராவது குறைந்தபட்சம் ‘டி’ சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். எண்ணிக்கை பெரிதுதான். கிளென்மார்கனில் நின்று பார்த்தால் கேள்வி சின்னது: இந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடம் அந்த ஆட்களில் ஒருவராவது வந்து சேருவாரா? சேர்ந்தால் அவர் என்ன சொல்லிக்கொடுப்பார்?

பயிற்சியாளர் படிப்பு ஓர் ஏணி. அடிப்படியில் சம்மேளனமே நடத்தும் ‘டி’. பதினெட்டு வயது நிரம்பியவர் ஒரு வார அளவிலான முகாமில் முடித்துவிடலாம். அதற்கு மேலே ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் அங்கீகாரம் பெற்ற ‘சி’, ‘பி’, ‘ஏ’, உச்சியில் ‘புரோ’. ஐ.எஸ்.எல். அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக வேண்டுமென்றால் புரோ தேவை. ஆறு முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளைத் தொடுகிறவர்கள் பெரும்பாலும் அடிப்படியில் இருப்பவர்கள், அல்லது ஏணியிலேயே கால் வைக்காத உடற்கல்வி ஆசிரியர்கள். ஆட்டக்காரன் உருவாவது அந்த வயதில்தான். அதிகம் படித்த பயிற்சியாளர் வருவதோ ஏறக்குறைய எல்லாம் முடிந்த பிறகு.

‘தேசிய ஆட்டப்பாணி’ என்ற பேச்சு அடிக்கடி அடிபடுகிறது. 4-3-3, 4-4-2 என்று எண்களைச் சொல்வதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். எண்கள் வீரர்கள் நிற்கும் இடத்தைத்தான் சொல்லும். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாது. பாணி என்பது நான்கு நேரங்களில் ஓர் அணி எடுக்கும் முடிவு: பந்து நம்மிடம் இருக்கும்போது, கைவிட்டுப் போன கணத்தில், எதிராளியிடம் இருக்கும்போது, திரும்பக் கிடைத்த கணத்தில். கோல்கீப்பர் பந்தைப் பிடித்ததும் நடுக்களம் தாண்டி ஓங்கி அடிப்பாரா, பக்கத்து டிஃபெண்டரின் காலுக்குத் தருவாரா? பந்து பறிபோனதும் அங்கேயே பாய்ந்து பிடுங்கப் பார்ப்பதா, பின்வாங்கி வரிசை கட்டுவதா? பத்து வயதுப் பிள்ளையும் தேசிய அணி வீரரும் இதற்கு ஒரே திசையில் பதில் சொன்னால் அந்த நாட்டுக்குப் பாணி இருக்கிறது என்று அர்த்தம்.

நம் நாட்டில் அந்தப் பதில் ஆளுக்கு ஆள் மாறியது. 2006 முதல் 2011 வரை இருந்த இங்கிலாந்துக்காரர் பாப் ஹௌட்டன் பந்தை நேராக முன்னுக்கு அனுப்பும் ஆட்டத்தை நம்பினார். 2011-ல் தொழில்நுட்ப இயக்குநராக வந்த நெதர்லாந்தின் ராப் பான், எல்லா வயதுப் பிரிவும் 4-3-3 ஆட வேண்டும் என்றார். அவர் நாட்டுக்காரரே ஆன விம் கூவர்மன்ஸ் 2012-ல் தேசிய அணிக்கு வந்தார். 2015-ல் திரும்பி வந்த ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் மறுபடி உடல்பலம், வேகம், நேரடித் தாக்குதல் என்று திருப்பினார். 2019-ல் குரோஷியாவின் இகோர் ஸ்டிமாச் பந்தைத் தன்வசம் வைத்து ஆடச் சொன்னார். 2024-ல் ஸ்பெயினின் மனோலோ மார்க்கெஸ், 2025 ஆகஸ்டில் காலித் ஜமீல். இவர்களில் யார் சரி, யார் தப்பு என்று தீர்ப்பு சொல்ல நான் வரவில்லை. ஹௌட்டன் காலத்தில் ஆட்டம் பழகத் தொடங்கிய சிறுவன் மூத்த அணிக்குத் தகுதி பெறும் வயதுக்குள் நாலு விதமான உபதேசம் கேட்டிருப்பான் என்பது மட்டும் உண்மை. மேலே கொடி மாறும்போதெல்லாம் கீழே இருக்கிற உடற்கல்வி ஆசிரியருக்கு யாரும் கடிதம் கூடப் போடுவதில்லை. அவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுப்பார். பெரும்பாலும் அது “ஓங்கி அடி, ஓடு” தான்.

பெல்ஜியம் இதை வேறு வழியில் செய்தது. 2000 யூரோ கோப்பையை நெதர்லாந்தோடு சேர்ந்து நடத்திய அந்த நாடு முதல் சுற்றிலேயே வெளியேறியது. தொழில்நுட்ப இயக்குநர் மிஷெல் சப்லோன் குழந்தைகள் ஆடும் ஆட்டங்களைப் படம் பிடித்து ஆராயும் வேலையை லூவன் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார். பெரிய களத்தில் நிறையப் பேர் ஆடினால், ஒரு குழந்தையின் காலுக்கு அரை மணி நேரத்தில் ஒருசில தடவைதான் பந்து வருகிறது என்று தெரிந்தது. அதனால் சின்ன வயதில் இருவருக்கு இருவர், பிறகு ஐவருக்கு ஐவர், எட்டுக்கு எட்டு என்று படிப்படியாகக் களத்தைப் பெரிதாக்கினார்கள். மிகச் சிறியவர்களுக்கான லீக்கில் புள்ளிப்பட்டியலையே எடுத்துவிட்டார்கள். மகன் அணி எத்தனையாவது இடம் என்று கேட்கும் அப்பாக்களின் கோபத்தை அவர்கள் எப்படித் தாங்கினார்கள் என்பது தனிக்கதை. 2015 நவம்பரில் பெல்ஜியம் ஃபிஃபா தரவரிசையில் முதலிடம். 2018 உலகக் கோப்பையில் மூன்றாமிடம்.

கிளென்மார்கனுக்கு இதில் ஒரு நல்ல சேதி இருக்கிறது. நாலு பேருக்கு நாலு பேர் ஆட முப்பது மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலம் போதும். பள்ளி முற்றத்திலோ குடியிருப்பு நடுவிலோ அவ்வளவு இடம் கிடைத்துவிடும். முழு மைதானம் இல்லை என்பதைச் சிறுபிள்ளைகள் விஷயத்தில் ஒரு சாக்காகச் சொல்ல முடியாது.

ஒரு வகுப்பைக் கிட்டத்தில் பார்ப்போம். பதினாறு பிள்ளைகள், மூன்று நான்கு பந்துகள். முதலில் எட்டு அடி எட்டி வைத்து ஒரு சதுரம். மூலைக்கு ஒருவராக நாலு பேர், நடுவில் ஒருவன். நாலு பேரும் தங்களுக்குள் பாஸ் கொடுத்துக்கொள்ள வேண்டும், நடுவில் இருப்பவன் பறிக்க வேண்டும். பயிற்சி எடுக்காத கண்ணுக்கு வெறும் விளையாட்டு. தெரிந்தவர் பந்தைப் பார்க்கமாட்டார், பிள்ளைகளின் தலையைப் பார்ப்பார். “டேய், பந்து காலுக்கு வர்றதுக்கு முன்னாடியே தோள் பக்கம் ஒரு தடவ திரும்பிப் பாத்துக்கோ” என்பார். பந்தை வாங்கும்போது உடம்பு கொடுத்தவனை நோக்கி மட்டும் நிற்காமல் களத்தின் மறுபக்கமும் தெரியும்படி அரைவாசி திரும்பியிருக்கிறதா, எந்தக் காலால் நிறுத்துகிறான், நிறுத்திய பந்து அடுத்த பாஸுக்கு வாகாக விழுகிறதா என்று கவனிப்பார். பத்து நிமிடம் கழித்து நாலுக்கு நாலு ஆட்டம், கல்லையோ செருப்பையோ கோல் கம்பமாக வைத்து. தரை சரிந்திருந்தால் களத்தைச் சரிவுக்குக் குறுக்காகப் போட வேண்டும். மேல் கீழாகப் போட்டால் கீழ்ப்பக்கம் தாக்குகிற அணிக்கு மலையே பன்னிரண்டாவது ஆள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். “கோல்கீப்பர் தூக்கி அடிக்கக் கூடாது, காலுக்குத்தான் கொடுக்கணும்” என்று ஒரே ஒரு விதி போட்டால் போதும். பயிற்சிக் கையேடுகளில் ‘பின்னாலிருந்து ஆட்டத்தைக் கட்டுதல்’ என்று எழுதியிருப்பது இந்த விதியாகத்தான் கிளென்மார்கனில் இறங்கும்.

நீலகிரிக்குப் பெரிய கால்பந்து புதிதல்ல. குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணி 1955, 1958 ஆண்டுகளில் டியூரண்ட் கோப்பையை வென்றது. முன்கள வீரராகத் தொடங்கிக் கோல்கீப்பரான பீட்டர் தங்கராஜ் அந்த அணியில் ஆடியவர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதியில் தென்கொரியாவை 2-1 என்று இந்தியா வென்று தங்கம் எடுத்தபோது கோலில் நின்றவர் அவர். நாள் முழுக்கப் பயிற்சி, நல்ல சாப்பாடு, ஒரே ஆட்கள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து ஆடுவது என்று இன்று அகாடமி தருவதையெல்லாம் அன்று ராணுவம் தந்தது.

ஜகார்த்தா அணியின் பயிற்சியாளர் ஹைதராபாத்தின் எஸ்.ஏ. ரஹீம், தொழிலால் பள்ளி ஆசிரியர். வலுவில்லாத காலைப் பழக்குவதற்கும், ஒரே தொடுதலில் பாஸ் கொடுக்கப் பழக்குவதற்கும் அவர் தனித்தனிப் பயிற்சிகள் வைத்திருந்தார். 1963-ல் அவர் இறந்தார். அரசு அப்போது சும்மா இருந்துவிடவில்லை. 1953-லேயே ராஜ்குமாரி பயிற்சித் திட்டம் தொடங்கியது, 1961-ல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் வந்தது, இங்கிலாந்தின் ஹாரி ரைட்டின் கீழ் 1964 ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாமிடம் பெற்றது. ஆனால் ரஹீம் மைதானத்தில் செய்ததை ஊர் ஊராக வாத்தியார்களிடம் கொண்டுசேர்க்க ஓர் ஏற்பாடு உருவாகவில்லை என்பதே என் எண்ணம். ஜப்பானை ஒப்பிட்டால் இது உறைக்கும். 1960-ல் அங்கே போன ஜெர்மானியர் டெட்மார் கிராமர், தேசிய அணியோடு நிற்காமல் பயிற்சியாளர்களுக்கே பயிற்சி கொடுக்க வைத்தார். 1968 ஒலிம்பிக்கில் ஜப்பானுக்கு வெண்கலம். அவர் போட்ட வழியில் பின்வந்தவர்கள் நடந்தார்கள், அவ்வளவுதான்.

ஒரே இடத்தில் ஒரே ஆள் நீண்டகாலம் நின்றால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே கடலூர் இருக்கிறது. அங்கே பயிற்சியாளர் மாரியப்பனிடம் பழகிய பெண்கள் தமிழக அணியின் முதுகெலும்பானார்கள். இந்துமதி கதிரேசன் இந்திய அணி வரை போனார். 2018-ல் மணிப்பூரை வீழ்த்தித் தமிழகம் முதல்முறையாகத் தேசியப் பெண்கள் பட்டத்தை வென்றது, 2023-ல் மறுபடியும். ஆண்கள் பக்கம், கோவையைத் தளமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி அணி சிங்கப்பூரின் அக்பர் நவாஸ் கீழ் பந்தைக் கைவிடாத ஆட்டம் ஆடி 2018-19 ஐ-லீக் பட்டத்தை எடுத்தது. சில ஆண்டுகளில் அந்த அணி ஐ-லீக்கிலேயே இல்லை. அணி போனதும் பாணியும் போனது.

இப்போது தமிழ்நாட்டைச் சேர்ந்த சையது சபீர் பாஷா சம்மேளனத்தின் தொழில்நுட்ப இயக்குநர் பொறுப்புக்கு வந்திருப்பதும், குழந்தைகளுக்கான ‘ப்ளூ கப்ஸ்’ திட்டமும், 2023-ல் புவனேஸ்வரத்தில் ஆர்சென் வெங்கர் திறந்துவைத்த ஃபிஃபா அகாடமியும் நல்ல அடையாளங்கள். ஆனால் அகாடமி தேர்ந்தெடுக்கும் இடம். வளர்க்கும் இடம் கீழே. அகாடமித் தேர்வுக்குப் போய் நிற்க, பிள்ளை முதலில் வாரம் நாலு நாள் யாரிடமாவது பந்து பழகியிருக்க வேண்டும்.

கிளென்மார்கனுக்கு அது நடக்க வேண்டுமென்றால் தேவைப்படுவது பெரிய தொகை அல்ல, சரியான மாதம். ‘டி’ முகாமைக் கோவையிலோ சென்னையிலோ வைத்தால் தோட்டத்து இளைஞர் ஒரு வாரக் கூலியை இழந்து, தங்கவும் சாப்பிடவும் செலவழிக்க வேண்டும். ஊட்டியில் வைக்கலாம், ஏப்ரல், மே தவிர. அந்த சீசனில் லாட்ஜ் வாடகை கேட்டால் பயிற்சியாளர் ஆசையே போய்விடும். பிப்ரவரி, மார்ச்சில் வைத்தால் பனி விலகியிருக்கும், தரை காய்ந்திருக்கும், ஜூன் மழைக்கு முன் கற்றதைப் பிள்ளைகளிடம் பழக இரண்டு மாதமாவது கிடைக்கும். மழைக்காலத்துக்கு ஐஸ்லாந்தைப் பார்க்கலாம். குளிரும் காற்றும் ஆண்டில் பாதியைத் தின்றுவிடும் அந்த நாடு கூரை போட்ட அரங்குகளைக் கட்டி, சான்றிதழ் பெற்ற பயிற்சியாளர்களைச் சின்னப் பிள்ளைகளிடம் அனுப்பியது. 2016 யூரோ கோப்பையில் காலிறுதி வரை வந்தது. நீலகிரியின் மேற்கு ஓரத்துக்கு அவ்வளவு பெரிய அரங்கு வேண்டாம். சமுதாயக் கூடமோ தகரக்கூரை போட்ட ஒரு தளமோ இருந்தால் நாலுக்கு நாலு ஆட்டம் ஆகஸ்டிலும் நடக்கும். கட்ட வேண்டியது உள்ளாட்சியா, மாவட்ட விளையாட்டு அலுவலகமா, தோட்ட நிர்வாகமா என்பதை அவர்கள் பேசித் தீர்க்கட்டும்.