பாஸ் இருக்கிறது, ஸ்லாட் இல்லை

கொரடாச்சேரி ஸ்டேஷனில் சீசன் டிக்கெட் எடுத்துத் தஞ்சாவூருக்கு வேலைக்குப் போய்வருகிறவருக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு முன்பதிவுப் பெட்டியில் ஏறக்கூடாது. ஏறினால் அபராதம். அதற்காக ரயில்வே மேல் அவருக்குக் கோபம் வருவதில்லை. கவுன்ட்டரில் பணம் கட்டும்போதே இருந்த விதி அது.

பொழுதுபோக்குப் பூங்காக்கள் விற்கும் ஆண்டு பாஸில் இந்தத் தெளிவு எப்போதும் இருப்பதில்லை.

எங்கள் தெருவில் ஒரு வீடு. சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமா, அக்கா பிள்ளைகளுக்கு ஒரு பெரிய பூங்காவின் ஆண்டு பாஸ் எடுத்துக் கொடுத்தார். எங்கள் கூத்தாநல்லூரில், வெளிநாடு போய்ச் சம்பாதிக்கும் சபுராளி மாமா வாங்கித் தராத பொருள் ஏது? நாலு பேருக்கு நாலு பாஸ். வருஷம் முழுக்க எத்தனை தடவை வேண்டுமானாலும் வரலாம் என்றது விளம்பரம். முதல் தடவை போனபோது எல்லா ரைடிலும் ஏறினார்கள். அடுத்த தடவை சுபுஹு தொழுத கையோடு வேன் கிளம்பியது. 11 மணிக்குப் பூங்கா வாசல். உள்ளே விட்டார்கள். ஆனால் பெரிய ரைடுகளுக்கு இப்போதெல்லாம் ஆப்பில் முன்கூட்டியே நேரம் பிடிக்க வேண்டுமாம். ஆப்பைத் திறந்தால் ரோலர் கோஸ்டருக்கு எதிரே எல்லா நேரமும் சாம்பல் நிறத்தில் கிடந்தது. பக்கத்துக் கவுன்ட்டரிலோ, அன்றைய டிக்கெட்டோடு கூடுதல் பணம் கட்டியவர்களுக்குக் கையில் பட்டை மாட்டி நேராக ரைடுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். “பாஸ் என்ட்ரிக்குத்தான் சார், ரைடுக்கு இல்லை” என்றாராம் ஊழியர். பிள்ளைகள் அன்றைக்கு ஏறியது காபி கப் ராட்டினத்தில் மட்டும்.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். பாஸ் வாங்கிய அன்று இந்த விதி இருந்ததா? இருந்தது, நாம்தான் படிக்கவில்லை என்றால் வழக்கு பலவீனம். நடுவில் நுழைத்தார்கள் என்றால், விற்ற சேவையைப் பாதியாக வெட்டிவிட்டார்கள் என்று பொருள். முன்பதிவு முறையே அநியாயம் என்று நான் சொல்லவரவில்லை. வெயிலில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

இந்த முறையின் தாய்வீடு டிஸ்னி. 1999-இல் அவர்கள் கொண்டுவந்த ஃபாஸ்ட்பாஸ் இலவசம். பூங்காவுக்குள் போய் இயந்திரத்தில் சீட்டு எடுத்தால் போதும். பிறகு ஃப்ளோரிடாவில் அது ஆப்புக்கு மாறியபோது, டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர் 60 நாள் முன்பே நேரம் பிடிக்கலாம், ஆண்டு பாஸ்காரர் 30 நாள் முன்புதான் என்று ஆயிற்று. உள்ளூரில் இருந்துகொண்டு, தோன்றும்போது போய்வரத்தான் ஒருவர் ஆண்டு பாஸ் எடுக்கிறார். அவர் கை வைப்பதற்குள் நல்ல நேரமெல்லாம் போயிருக்கும். 2021-இல் இலவசமும் போய், வரிசை தாண்டுவதற்குக் கட்டணம் வந்தது.

அதே ஆண்டு கலிஃபோர்னியா டிஸ்னிலாந்து, ‘ட்ரீம் கீ’ என்ற பாஸை 1,399 டாலருக்கு விற்றது. தடை நாட்களே கிடையாது என்றது விளம்பரம். ஆனால் நுழைவதற்கே முன்பதிவு வேண்டும். வாங்கிய ஒரு பெண் நவம்பர் மாதத்துக்குத் தேதி பார்த்தால் பல நாட்கள் நிரம்பிவிட்டன. அதே நாட்களுக்கு ஒருநாள் டிக்கெட் மட்டும் விற்பனையில் இருந்தது என்று அவர் வழக்குப் போட்டார். தவறே செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டே நிறுவனம் 2023-இல் 95 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான பாஸ்காரர்களுக்கு ஆளுக்கு ஏறத்தாழ 67 டாலர். தொகை சின்னதுதான், ஆனால் ஒருவர் கேட்டதால் அத்தனை பேருக்கும் வந்தது.

நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதற்குப் போதும். சொன்ன சேவையைத் தராதது சேவைக் குறைபாடு. இல்லாததை இருப்பதாக விளம்பரம் செய்வது நேர்மையற்ற வணிக நடைமுறை. ஒரு விலையைக் காட்டி உள்ளே இழுத்துவிட்டுப் படிப்படியாகக் கட்டணம் ஏற்றுவதும், ‘இன்னும் 2 இடம்தான்’ என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் 2023 நவம்பரில் வந்த வழிகாட்டு நெறிகளின்படி தடை செய்யப்பட்டவை.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நினைத்துத்தான் நம்மில் பலர் விட்டுவிடுகிறோம். ஆனால் பூங்கா எந்த ஊரில் இருந்தால் என்ன, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம் என்று இந்தச் சட்டம் சொல்கிறது. கூத்தாநல்லூர்க்காரருக்குத் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை புகாருக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். ‘வழக்கெல்லாம் எங்கள் ஊர் நீதிமன்றத்தில் மட்டுமே’ என்று பாஸின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தால் அதைப் பார்த்து ஒதுங்கிவிட வேண்டாம்.

பணம் கட்டியது சிங்கப்பூர் மாமா, ஏமாந்தது இங்கே இருக்கும் பிள்ளைகள் என்றாலும் தடையில்லை. பணம் கட்டியவரின் சம்மதத்தோடு சேவையை அனுபவிக்கிறவரும் சட்டப்படி நுகர்வோரே. ஒரு நுணுக்கம் மட்டும் கவனிக்க வேண்டும்: ‘ஒப்பந்தமே நியாயமற்றது’ என்று எழுதினால் அது மாநில ஆணையத்துக்குப் போய்விடும். சேவைக் குறைபாடு என்று எழுதினால் திருவாரூரிலேயே நிற்கும். ஒரே பாதிப்புக்கு ஆளான பலர் ஆணையத்தின் அனுமதியோடு ஒரே புகாராகவும் கொடுக்கலாம்.

அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் பாருங்கள். பல விவகாரம் அங்கேயே முடிந்துவிடும். சிங்கப்பூரில் இருக்கும் உறவினர் அங்குள்ள பூங்காவில் ஏமாந்தால் அந்நாட்டுச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம், மலேசியாவில் என்றால் நுகர்வோர் கோரிக்கை தீர்ப்பாயம்.

எங்கே போனாலும் கேட்பது ஆதாரத்தைத்தான். பாஸ் வாங்கும் அன்றே விளம்பரத்தையும் விதிமுறைப் பக்கத்தையும் தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். இணையப் பக்கத்தை அவர்கள் எந்த ராத்திரியும் மாற்றலாம். இடம் கிடைக்காத நாளில் ஆப்பையும், அதே நாளுக்கு விற்கும் டிக்கெட்டையும் சேர்த்துப் படம் பிடியுங்கள். பிறகு மின்னஞ்சலில் எழுத்தாகக் கேளுங்கள். வாசலில் போட்ட சண்டை எந்த ஃபைலிலும் ஏறாது.

எங்கள் தெரு வீட்டில் நல்லவேளையாக மாமாவின் வாட்ஸ்அப்பில் அந்த விளம்பரம் அழியாமல் கிடக்கிறது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். அவர்களுக்கு இன்னும் 14 மாதம் இருக்கிறது.