வயாவும் இரத்தசோகையும்: திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதிப் பெண்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்
மண், சாம்பல், பலப்பம், பச்சரிசி, பனிக்கட்டி முதலியவற்றை இடைவிடாது உண்ண விழையும் வேட்கையைத் தமிழ் மரபு சூலோடு இணைத்தே பேசியுள்ளது. அவ்விணைப்பு, மணமாகாத தொழிலாளர் பெண்களிடத்து அவ்வேட்கை மறைக்கப்படுவதற்கு இடந்தருகிறது என்பதையும், அதன் காரணத்தையும் தீர்வையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வயா, மண்ணுண்ணல், இரும்புச்சத்து, இரத்தசோகை, ஒரகடம்.

வயா என்னும் சொல்
தொல்காப்பிய உரியியல் ‘வயா’ என்பதற்கு மிகுந்த வேட்கை என்றே பொருள் தருகிறது. சூலுற்றவள் என்னும் வரையறை அங்கில்லை. சங்கப் பாடல்களில்தான் அது கருவுற்ற மகளிரைச் சார்கிறது. சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைப் பாடும் புறநானூறு 20, அவன் நாட்டு மண்ணைப் பகைவர் உண்ண இயலாது, வயாவுற்ற பெண்களே விரும்பி உண்பர் என்கிறது. காவலின் சிறப்பைச் சொல்ல எழுந்த பாட்டு, மண்ணுண்ணல் எவர்க்கும் தெரிந்த வழக்காக இருந்தமைக்கும் சான்றாகிவிடுகிறது. கச்சிப்பேட்டு நன்னாகையாரின் குறுந்தொகை 287 காட்டும் முதிர்சூல் மகளிரோ பசும்புளியை விழைகின்றனர். புளி உணவு, மண் உணவன்று. இவ்வேறுபாடே மருத்துவத்தின் தொடக்கப்புள்ளி. உணவல்லாததை ஒரு மாதமேனும் தொடர்ந்து உண்பதை மருத்துவர் ‘பைக்கா’ என்பர்.

காரணம்
இவ்வேட்கையோடு மிக அடிக்கடி சேர்ந்து காணப்படுவது இரும்புச்சத்துக் குறைவு. கருவுற்ற காலத்தில் அத்தேவை பெருகுவதால் அப்போது வேட்கை மிகுதல் இயல்பு. ஆனால் மாதவிடாயில் மிகுந்த குருதி இழப்பவரும், இரும்புச்சத்துக் குறைந்த உணவை உண்பவரும் சூலின்றியே அதே நிலையை அடைகின்றனர். சரக சங்கிதை பாண்டு நோயின் ஐந்து வகைகளுள் ஒன்றை மண்ணுண்பதால் வருவதாகச் சொல்லும். இன்றைய மருத்துவம் இதை இருவழியாகக் காண்கிறது: குறைவு வேட்கையைத் தூண்டுகிறது, உண்ட களிமண் குடலில் இரும்பைப் பற்றிக்கொண்டு குறைவை மேலும் கூட்டுகிறது. குறைவு ஏன் மண்ணையும் பனிக்கட்டியையும் நாடச் செய்கிறது என்பதற்கு இன்னும் முடிந்த விடையில்லை. மன அழுத்தம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு ஆகியவற்றாலும் இது வரலாம்; எல்லாவற்றையும் இரும்பின் தலையில் ஏற்றுதல் பொருந்தாது.

தொழிற்பகுதியின் நிலை
2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15–49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினர்க்கு இரத்தசோகை உள்ளது. திருப்பெரும்புதூர், ஒரகடம் மின்னணு ஆலைகளில் பணிபுரியும் இளம்பெண்கள் இவ்வயதினரே. பலர் வெளி மாவட்டங்களிலிருந்து வந்து விடுதியில் தங்குவோர். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட விடுதி வளாகம் ஒன்றே 18,720 பேர்க்குரியது. பலர் கூடி வாழும் அறையில், மணமாகாத ஒருத்தி பலப்பம் மென்றால் ‘மசக்கையா’ என்னும் கேள்வி எழும் என்று அஞ்சுதல் வியப்பன்று. நோயின் அறிகுறி நடத்தையின் அறிகுறியாகப் படிக்கப்படும் இடத்தில் அவள் மருத்துவரிடமும் வாய்திறவாள். தின்பதற்கென்றே பலப்பம் இணையக் கடைகளில் விற்கப்படுவதால் மறைத்தல் எளிதும் ஆகிவிட்டது.

மறைப்பதன் விலை சிறிதன்று. மண்வழி உருளைப்புழு முட்டைகள் உட்செல்லும். பழைய சுவர்ப்பூச்சிலும் சில களிமண்ணிலும் ஈயம் இருக்கக்கூடும், கருவுற்றவளாயின் அது சிசுவையும் சேரும். பச்சரிசியும் மண்ணும் மலச்சிக்கலையும், சிலவேளை குடலடைப்பையும் உண்டாக்கும். பனிக்கட்டி பல்லைச் சிதைப்பதன்றி வேறு பெருந்தீங்கு செய்வதில்லை. ஆயினும் அதுவே இரும்புக் குறைவின் மிகத் தெளிவான அடையாளம்.

தீர்வு
மனவுறுதியால் வேட்கையை அடக்குமாறு அறிவுறுத்துவது பெரும்பாலும் பயன்தராது. ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின் அளவையும் பார்த்தல் வேண்டும். உடலின் இரும்புச் சேமிப்பு தீர்ந்த பின்னும் ஹீமோகுளோபின் சிலகாலம் இயல்பாகவே நிற்கும். குறைவு உறுதியானால், மருத்துவர் தரும் இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாற்றுடன் உட்கொள்வது நலம். உணவோடு தேநீர் பருகுதல் இரும்பு உட்கவர்தலைத் தடுக்கும். ஆலை இடைவேளைத் தேநீரைச் சற்றுத் தள்ளிப் பருகலாம். பனிக்கட்டி வேட்கை, ஹீமோகுளோபின் உயர்வதற்கு முன்பே, சில நாள்களில் மறைவதுண்டு. அதைக் கண்டு மாத்திரையை நிறுத்திவிடுவதே பலரும் செய்யும் பிழை. ஹீமோகுளோபின் சீரான பின்னும் ஏறத்தாழ மூன்று மாதம் தொடர்ந்தால்தான் சேமிப்பு நிரம்பும். மிகுந்த மாதவிடாய்ப்போக்கோ குடற்புழுவோ இருப்பின் அதற்கும் மருத்துவம் வேண்டும். இல்லையேல் வேட்கை திரும்பும்.

இத்தொழிலாளருள் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் ஊழியர் அரசுக் காப்பீட்டின்கீழ் வருவதால் இப்பரிசோதனைகளுக்குத் தனிச்செலவில்லை. கேட்கும் முறைதான் மாறவேண்டும். ‘மண் தின்கிறாயா’ என்று வினவினால் ‘இல்லை’ என்றே விடை வரும். ‘பச்சரிசி, பலப்பம், ஐஸ் என்று எதையாவது மென்றுகொண்டே இருக்கத் தோன்றுகிறதா அம்மா’ என்று, அறைத்தோழியர் இல்லாத வேளையில் செவிலியர் கேட்கலாம். மணமானவரா என்ற கேள்வியை அதற்குமுன் எழுப்பாதிருத்தல் நன்று.