மழைநீருக்கு வழி எங்கே?

ஒரு மணி நேரம் பலத்த மழை. உங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. “அந்தக் காலத்தில் இதைவிடப் பெரிய மழையெல்லாம் பெய்தது. இப்படி நின்றதே இல்லை” என்று வீட்டில் தாத்தா சொல்வார். அதே மழைதான், அதே கால்வாய்தான். பின் எது மாறியது? கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். அதில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10 கன மீட்டர் நீர் விழுகிறது. அதாவது, ஏறக்குறைய ஒரு தண்ணீர் லாரி! ஒரு நகர்ப் பகுதியின் பரப்பு 36 ஹெக்டேர் என்று கொள்வோம். அங்கே மணிக்கு 50 மில்லிமீட்டர் வீதம் மழை பெய்தால் ஒரு மணியில் 18,000 கன மீட்டர் நீர் விழும். வினாடிக்கு 5 கன மீட்டர்.

இவ்வளவும் கால்வாய்க்கு வந்துவிடாது. அந்த இடம் வயலும் தோப்புமாக இருந்தபோது ஐந்தில் ஒரு பங்குதான் வழிந்தோடியது என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு 1 கன மீட்டர். இப்போது அங்கே மாடி வீடுகள், சிமெண்டுத் தளங்கள், தார்ச்சாலை. ஐந்தில் நான்கு பங்கு வழிந்தோடுகிறது. வினாடிக்கு 4 கன மீட்டர்! மழையின் வேகம், பரப்பு, வழிந்தோடும் பங்கு ஆகிய மூன்றையும் பெருக்கும் இந்த முறைக்கு அடிப்படை போட்டவர் முல்வானி என்ற அயர்லாந்துப் பொறியாளர். அவர் இதைப்பற்றி எழுதியது 1851இல். சிறு பகுதிகளுக்கு இன்றும் இதுவே பயன்படுகிறது.

கால்வாய் எவ்வளவு தாங்கும்? இதற்கும் ஓர் அயர்லாந்துக்காரரின் சூத்திரம்தான் உண்டு: ராபர்ட் மானிங், 1889. (மழை ஓயாத நாடு; வேறென்ன சிந்தனை வரும்!) 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம், 1,000 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு உள்ள சிமெண்டுக் கால்வாயில் நீர் வினாடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர் வேகத்தில் ஓடும். ஆகவே வினாடிக்கு 1 கன மீட்டர் நீர் போகும். தாத்தா காலத்து மழைக்கு அது போதும். இன்றைக்கு அதைப்போல நான்கு கால்வாய்கள் வேண்டும்.

அதில் பாதி உயரத்துக்கு மண் சேர்ந்துவிட்டால்? பாதி நீர் போகும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. இடம் பாதியாவதோடு வேகமும் குறைகிறது. நீரின் அளவுக்கு ஒப்பிட்டால், உராயும் பரப்பு கூடிவிடுகிறது. சூத்திரப்படி பார்த்தால் முன்பு போனதில் 41 சதவீதம்தான் போகும். பிளாஸ்டிக் பையும் துணியும் சிக்கிக் கொண்டால் அதுவும் போகாது.

கால்வாயை அகலப்படுத்திவிட்டால் தீர்ந்ததா? அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நீரை ஓட்டுவது அதன் மேல்மட்டத்தில் உள்ள சரிவு. போய்ச் சேரும் இடத்தில் மட்டம் உயர்ந்திருந்தால் எவ்வளவு பெரிய கால்வாயும் நின்றுவிடும். சென்னையின் தென்புற ஏரிகள் பலவற்றின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. கடலில் ஏற்றம் இருக்கும்போது அந்த ஓட்டம் தளர்ந்துவிடும். அதுவரை நீரைத் தாங்கி நிற்க வேண்டிய சதுப்பு நிலமோ தன் பெரும்பகுதியை இழந்துவிட்டது. 2015 நவம்பரில் சென்னையில் 100 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்து மண் ஊறிப்போயிருந்தது. அந்த நிலையில் வெற்று நிலமும் சிமெண்டுத் தளம் போலத்தான். டிசம்பர் 1ஆம் தேதி காலை முதல் மறுநாள் காலைவரை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் பட்ட பாட்டை நாடே பார்த்தது.

ஆகவே நீரை ஓடவிடுவதைப்போல நிறுத்தி வைப்பதும் முக்கியம். நம் கணக்கில் ஒரு மணி நேரத்தில் வழியும் நீர் 14,400 கன மீட்டர். பழைய கால்வாய் கொண்டுபோவது 3,600. மிச்சம் 10,800. ஒரு ஹெக்டேர் பரப்புள்ள குளத்தில் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக இடம் காலியாக இருந்தால், அது அவ்வளவையும் ஏற்றுக்கொண்டு பிறகு மெல்ல விட்டுவிடும். பழவந்தாங்கல், வேடந்தாங்கல் என்ற பெயர்களில் உள்ள ‘தாங்கல்’ இத்தகைய சிறு ஏரிதான். பல ஊர்களில் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

எங்கள் கல்லூரிக்குப் பக்கத்துத் தெருவில் புதுக் கால்வாய் கட்டியும் தண்ணீர் வடியவில்லை. கொத்தனார் மட்டம் பார்க்கும் நீர் நிறைத்த ரப்பர்க் குழாயை எடுத்துக்கொண்டு, என் மாணவர்கள் சிலர் கோடையில், கால்வாய் காய்ந்திருந்தபோது அளந்தார்கள். (மழையில் கால்வாய் அருகே போகவே கூடாது.) ஏரியில் சேரும் முனையில் கால்வாயின் தரை, தெருமுனையில் இருந்ததைவிட 8 சென்டிமீட்டர் உயரமாக இருந்தது! போதாக்குறைக்கு, பழைய சாலையைச் சுரண்டாமலே தார் மேல் தார் போட்டதில் அங்கிருந்த ஓர் ஓட்டுவீட்டின் வாசற்படி தெருவுக்குக் கீழே போயிருந்தது. அளவுகளை வரைபடமாக்கி உரியவர்களிடம் கொடுத்தோம். இரண்டு முறை நடந்தபின் அந்த 40 மீட்டரை இடித்து, மட்டம் பார்த்துக் கட்டினார்கள். கால்வாய் இப்போது ஓடுகிறது. அந்த வாசற்படிக்குத்தான் இன்னும் வழி கிடைக்கவில்லை. மழைக்கு முன் அந்த வீட்டு அம்மாள் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருக்கிறார்.