சத்தத்தைக் குறைத்தது நாம்தான்!

என் அக்கா மகன் பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறான். கால்பந்துப் பைத்தியம். 2023 ஜூன் மாதம் ஒருநாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

“மாமா, மார்ட்டின் டைலர் போயிட்டார்.”

எனக்குப் பதறிவிட்டது. “ஐயையோ, எப்போலே? உடம்புக்கு என்னவாம்?”

“நீங்க ஒண்ணு… ஆளு நல்லாத்தான் இருக்கார். ஸ்கை சேனலை விட்டுப் போயிட்டார்.”

டைலர் யாரென்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி. 1974-ல் இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் கால்பந்து வர்ணனையைத் தொடங்கியவர். 1990 முதல் 33 வருடம் ஸ்கை ஸ்போர்ட்ஸின் முதன்மைக் குரல். விலகும்போது வயது 77. நம் ஊர்ப் பையன்களுக்கு அவரை மேட்ச்சை விட வீடியோ கேமில்தான் அதிகம் தெரியும். ‘ஃபிஃபா’ விளையாட்டில் பல வருடம் பேசியது அவர் குரல். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் உட்கார்ந்து என் மருமகன் கேட்டு வளர்ந்த குரல்.

எனக்கு ஒரு விஷயம்தான் புரியவில்லை. இதே பையன் முந்தின வருடம் முழுக்க அந்த மனிதரைத் திட்டிக்கொண்டிருந்தான். “வயசாயிட்டு மாமா. கோல் விழுந்தாக்கூட இப்பதான் தூங்கி எந்திரிச்ச மாதிரி பேசுதார். ஒதுங்கிரலாம்ல?” என்பான். இப்போது அவரே ஒதுங்கிவிட்டார். இவன் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறான்.

அன்று ராத்திரி எனக்கு ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினான். 2012 மே 13. மான்செஸ்டர் சிட்டி கோப்பையை வெல்ல இன்னும் ஒரே ஒரு கோல் வேண்டும். ஆட்டம் கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அகுவேரோ அடிக்கிறார். டைலர் அந்தப் பெயரை இழுத்து ஒரு கத்தல். அதன் பிறகு சில நொடி மனிதர் பேசவே இல்லை. மைதானத்தின் இரைச்சலை மட்டும் நமக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறார். கால்பந்தில் ‘ஆஃப்சைடு’ என்றால் என்னவென்று இன்றுவரை விளங்காத எனக்கே புல்லரித்தது.

“அடுத்து வர்றது பீட்டர் ட்ரூரி மாமா. கவிதை மாதிரி பேசுவார், எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனாலும்…” என்றவன் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

அந்த ‘ஆனாலும்’ எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் அது இருந்தது. ஆனால் எங்கள் வர்ணனையாளர் விலகியபோது செய்தி வரவில்லை, யாரும் வீடியோ போடவில்லை. இத்தனைக்கும் அவர் நம் சீமைக்காரர்.

சாத்தான்குளத்துக் குரல்

சாத்தான்குளம் அப்துல் ஜப்பார். இந்தப் பெயரைப் படித்ததும் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் காதில் ஒரு குரல் கேட்டிருக்கும். அகில இந்திய வானொலியில் தமிழில் கிரிக்கெட் வர்ணனை செய்தவர். அவர் மைக்கைப் பிடிக்க ஆரம்பித்த 1980-களின் தொடக்கத்தில் சாத்தான்குளம் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. 1986-ல்தான் தூத்துக்குடி தனி மாவட்டம் ஆனது. அதனால் அவரை எங்கள் ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

அவர் நாடக மேடையிலிருந்து வந்தவர். வானொலி நாடகங்களில் நடித்தவர். கடல் தாண்டி இலங்கை வானொலியிலும் அவர் குரல் ஒலித்திருக்கிறது. இலங்கை வானொலி கேட்காத நெல்லைக்காரர் அந்தக் காலத்தில் கிடையாது என்பதால் அதுவும் எங்களுக்குப் பக்கத்து வீட்டுச் சங்கதிதான். நடிகராக இருந்ததன் லாபம் வர்ணனையில் தெரியும். எங்கே குரலை இறக்க வேண்டும், எங்கே மூச்சை நிறுத்த வேண்டும் என்பது அத்துப்படி. பந்து வீச்சாளர் ஓடிவரும்போது வாக்கியமும் கூடவே ஓடிவரும்.

வானொலி வர்ணனை எவ்வளவு பெரிய வேலை என்பது டிவி பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சொன்னால்தான் புரியும். படம் இல்லை. ரீப்ளே இல்லை. ஸ்கோர் திரையில் நிற்காது. நிமிடத்துக்கு நிமிடம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் அப்போதுதான் வயலிலிருந்து வந்த ஒருவர் கேட்க ஆரம்பித்திருப்பார். யார் எங்கே நிற்கிறார், கடற்காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எல்லாமே சொல்லில்தான். 1982 பொங்கலை ஒட்டி இங்கிலாந்துக்கு எதிராகச் சேப்பாக்கத்தில் நடந்த டெஸ்ட்டில் விஸ்வநாத்தும் யஷ்பால் சர்மாவும் ஒருநாள் முழுக்க அவுட்டே ஆகாமல் ஆடினார்கள். விக்கெட் விழாத ஒரு முழு நாள்! அதை வானொலியில் பேசி ஓட்டுவது என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள். விஸ்வநாத் 222 அடித்தார். அப்பா பிசான நெல் வயல் வரப்பில் டிரான்சிஸ்டரை வைத்துவிட்டு அதைக் கேட்டதாகச் சொல்வார். பொங்கல் டெஸ்ட் என்றால் அந்த ஜனவரியில் தாமிரபரணிப் பாசனம் முழுக்கப் பச்சையாக இருக்கும். சேரன்மகாதேவிப் பக்கம் வரப்புக்கு வரப்பு ஸ்கோர் கைமாறும். “என்னலே ஸ்கோரு?” என்று வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வரும். கிரிக்கெட் மட்டையைத் தொட்டே இராதவர்கள் கேட்பார்கள். அவர்கள் மொழியில் வந்ததால்தான் கேட்டார்கள்.

பிறகு எங்களுக்கு டிவி வந்தது.

நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ் வர்ணனையை முதலில் கேலி செய்தது எங்கள் வயதுப் பையன்கள்தான். ‘ஓட்டம்’, ‘இலக்கு’ என்று தமிழில் ஒருவர் சொன்னால் சிரிப்போம். இங்கிலீஷ் வர்ணனை கேட்பது கௌரவம். கொஞ்சம் இங்கிலீஷ் கற்றுக்கொள்ளலாம் என்ற ஆசையும் இருந்தது, அது தப்பில்லை. நான் நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசுவதில் பாதி ரிச்சி பெனோ போட்ட பிச்சை. ஆனால் அப்பா டிவியில் படத்தைப் பார்த்துக்கொண்டே, பக்கத்தில் ரேடியோவைத் தமிழில் வைத்திருப்பார். ரேடியோ ஒரு நொடி முந்திக்கொள்ளும். விக்கெட் விழப்போவது படத்தில் தெரியும் முன்னே காதில் விழுந்துவிடும். “சத்தத்தக் குறைங்கப்பா, சஸ்பென்ஸ் போகுது” என்று நான்தான் கத்துவேன். அப்பா குறைப்பார். கொஞ்ச நாளில் அணைத்தேவிட்டார். டைலர் தானாகப் போனார். எங்கள் வர்ணனையாளர்கள் போகவில்லை. நாங்கள்தான் எழுந்து போனோம்.

கரண்ட் போன ஞாயிற்றுக்கிழமை

1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் டெஸ்ட்டின் நான்காம் நாள். 271 எடுத்தால் வெற்றி. முதுகுவலியோடு டெண்டுல்கர் ஆடிக்கொண்டிருக்கிறார். எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது. தெருவே எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டது. காரணம், அப்பாவின் அந்தப் பழைய டிரான்சிஸ்டர். பேட்டரி கிடைக்காமல் சுவர்க் கடிகாரத்திலிருந்து கழற்றிப் போட்டோம்.

டெண்டுல்கர் 136-ல் அவுட். இன்னும் 17 ரன்தான் வேண்டும், கையில் மூன்று விக்கெட். நாலே ரன்னில் அந்த மூன்றும் போய்விட்டன. 258. 12 ரன்னில் தோல்வி. டிவியாக இருந்தால் உடனே விளம்பரம் வந்திருக்கும், எழுந்து போயிருப்போம். ரேடியோவில் போக இடமில்லை. மௌனம்தான். பிறகு மெல்ல ஒரு கைத்தட்டல் கேட்டது, அது வளர்ந்தது. சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்று வர்ணனையாளர் சொல்லச் சொல்ல, திண்ணையில் இருந்த ஒரு அண்ணாச்சி தானும் தட்ட ஆரம்பித்தார். யாருக்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது. கண்ணில் தண்ணீர்.

அரைமணி நேரத்தில் கரண்ட் வந்தது. பேட்டரியைத் திரும்பவும் கடிகாரத்தில் போட்டோம். அவ்வளவுதான். எங்கள் வீட்டில் கடைசியாகக் கேட்ட தமிழ் வானொலி வர்ணனை அதுதான்.

2020 டிசம்பரில் சென்னையில் அப்துல் ஜப்பார் காலமானார். அடிலெய்டில் இந்தியா 36 ரன்னுக்குச் சுருண்ட அதே மாதம். கொரோனா காலம். வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. பழைய ஆட்கள் குரூப்பில் கண்ணீர்ப் பொம்மையாக நிறைந்தது. ‘காற்று வெளியினிலே’ என்று அவர் நினைவுகளை எழுதியிருக்கிறார் என்பதே பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கும்தான். அப்பா அந்தச் செய்தியை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. “நல்ல குரல்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இப்போது தமிழ் வர்ணனைக்குப் பஞ்சமில்லை. ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழில் ஸ்ரீகாந்த், பத்ரிநாத் என்று நம்மவர்கள் பேசுகிறார்கள். இங்கே சங்கர் நகரில் நடக்கும் டிஎன்பிஎல் ஆட்டத்தையே தமிழில் பார்க்கலாம். சிலருக்கு அந்தக் கலகலப்பு பிடிக்கிறது, சிலருக்கு அரட்டைக் கச்சேரியாகத் தோன்றுகிறது. எனக்குப் பிடிக்கிறது, கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி. படம் கண்முன்னே இருப்பதால் யாரும் எதையும் விவரிக்க வேண்டியதில்லை. கதை பேசினால் போதும். அது அவர்கள் குற்றமில்லை. ஆனால் கண்ணை மூடிக் கேட்டால் மேட்ச் தெரிவதில்லை. அப்பாவுக்கு இப்போது கண்புரை. அவருக்குத்தான் அது உடனே தெரிகிறது.

போன மாதம் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு கபடிப் போட்டி. இரவு ஆட்டம். அப்பாவையும் காரில் கூட்டிப்போனோம், மருமகனும் வந்தான். மைக்கில் ஒரு பையன்; இருபத்தைந்து வயது இருக்கும். யார் ஏறுகிறான், எந்தக் கோட்டில் கால் இருக்கிறது, பிடிக்கிறவன் எந்தப் பக்கம் ஒதுங்குகிறான் என்று ஒன்றுவிடாமல் சொல்கிறான். நடுநடுவே டீ ஸ்டால்காரருக்கு நன்றி, வழியை மறித்து நிற்கும் பைக்கை எடுக்கச் சொல்லி வேண்டுகோள். தொண்டை கட்டிவிட்டது. ஒரு சோடாவைக் குடித்துவிட்டு மறுபடியும் ஆரம்பித்தான். அப்பா நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு மணி நேரம் அசையாமல் கேட்டார்.

கிளம்பும்போது, “மைக்ல பேசுத பையன் யாருலே? எந்த ஊர்க்காரன்?” என்றார்.

எங்களுக்குத் தெரியவில்லை. மருமகன் செல்போனை என்னிடம் கொடுத்துவிட்டு, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மைக் செட் மேஜையை நோக்கிப் போனான்.